சூருக்குத் திரும்பிய கப்பல்: ஓமானின் ஃபதஹ் அல் கைர்

ஓமானின் தலைநகர் மஸ்கட்டிலிருந்து கடற்கரை நெடுஞ்சாலை வழியே தென்கிழக்காக ஏறக்குறைய 200 கிலோமீற்றர் போனால் சூர் என்ற துறைமுக நகரம் வரும். நகருக்குள் கடல் புகுந்து ஒரு களப்பாகப் பரந்து கிடக்கிறது. அந்தக் களப்பின் கரையில், தண்ணீரில் அல்லாமல் தரையில், ஒரு மரக்கப்பல் நிற்கிறது. பெயர் ஃபதஹ் அல் கைர். நன்மையின் வெற்றி, அல்லது நன்மையின் திறப்பு என்று பொருள் கொள்ளலாம்.

1951 இல் இதே சூரில் கட்டப்பட்ட சரக்குக் கப்பல் இது. நீளம் 20 மீற்றருக்கு மேல், எடை ஏறக்குறைய 300 தொன். அரபு மரக்கப்பல்கள் எல்லாவற்றையும் 'தோவ்' என்று பொதுவாகச் சொல்வது ஐரோப்பியரின் பழக்கம். அந்தக் கரைகளில் வடிவத்துக்கு வடிவம் தனிப்பெயர் உண்டு: சம்பூக், பூம், பக்லா என்று. ஃபதஹ் அல் கைர் 'கஞ்ஜா' வகையைச் சேர்ந்தது. தமிழில் எழுதும்போது ஓரெழுத்துத் தவறினாலும் பொருள் எங்கேயோ போய்விடும் என்பதால் 'ஜா' போட்டே எழுதுகிறோம். சூரில் கட்டிய கடைசி கஞ்ஜாக்களில் ஒன்று இது. ஓமானில் எஞ்சியிருப்பது இது மட்டுமே.

கஞ்ஜாவை அடையாளம் காண்பது எளிது. பின்புறம் வெட்டினாற்போல் தட்டையாக இருக்கும். அந்தத் தட்டையான முகம் முழுவதும் மரச்செதுக்கு வேலை, வளைவுச் சன்னல்கள். பழைய போர்த்துக்கேயக் கப்பல்களின் பின்புறத்தைப் பார்த்து வந்த வடிவம் இது என்று சொல்வோர் உண்டு. அணியத்தின் நுனியில் மூன்று இதழ்கள் விரிந்தாற்போல ஒரு முடி. இதே கப்பலின் உடன்பிறப்பு என்று சொல்லத்தக்கது இந்திய மேற்குக் கரையின் 'கோத்தியா'; அதன் அணியத்தில் இதழ்களுக்குப் பதிலாக ஒரு கிளித்தலை பின்னோக்கித் திரும்பியிருக்கும். குவைத்தியரின் பூம் வகையில் இந்த அலங்காரம் ஒன்றும் இல்லை. முன்னும் பின்னும் கூர்மை, அவ்வளவுதான். கட்டச் செலவு குறைவு. ஆகவே செதுக்குப் பின்புறம் கொண்ட பக்லாவும் கஞ்ஜாவும் மறைய, பூம் நிலைத்தது.

காலமாற்றத்தில் சூரின் கப்பல்கள் ஒவ்வொன்றாக விற்கப்பட்டன. நீராவிக் கப்பல்கள் சரக்கை முன்னரே பறித்துக்கொண்டன. 1960களின் பின் எண்ணெய்ப் பணம் இளைஞரைக் கரைக்கு இழுத்தது. கஞ்ஜா போன்ற பெரிய பாய்க்கப்பலுக்கு ஆளும் இல்லை, சரக்கும் இல்லை. ஃபதஹ் அல் கைரும் கைமாறி யேமனுக்குப் போய்ச் சேர்ந்தது. கணக்கு எழுதிப் பிழைப்பவர்கள் இதை நன்கு அறிவோம்: தேய்மானம் முழுவதும் கழித்த சொத்து, ஏட்டில் பெறுமதி பூச்சியம், கிடைத்த விலைக்குத் தள்ளிவிட வேண்டியது. ஆனால் சூர் மக்கள் அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஊரில் பணம் திரட்டி, 1993 இல் யேமனிலிருந்து கப்பலை விலைக்கு வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து, பழுது நீக்கிக் கரையில் நிறுத்தினார்கள். இப்போது அதைச் சுற்றி ஒரு கடல்சார் அருங்காட்சியகமும் இருக்கிறது.

ஊர் மக்களின் அந்தப் பணத்தைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்பினோம். ஆனால் அதற்கு முன் கப்பல் எப்படிக் கட்டப்பட்டது, என்ன ஏற்றியது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

சூரைச் சுற்றிக் கப்பல் கட்டும் மரம் கிடையாது. தேக்கு மலபாரிலிருந்து வந்தது. பாய்மரத்துக்கான நெடுமரமும் கயிற்றுக்கான தென்னை நாரும் அந்தத் திசையிலிருந்தே வந்தன. அரபியர் தேக்கைச் 'சாஜ்' என்பார்கள். வரைபடம் என்று ஒன்று இல்லை. மேஸ்திரியின் கண்ணும் கையுமே அளவு. முதலில் ஏராவைக் கிடத்தி, அணியக் கட்டையையும் பின் கட்டையையும் நிறுத்தி, பக்கப் பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுவார்கள். பலகைகள் வடிவம் கொண்ட பிறகே உள்ளே வங்குகளைப் பொருத்துவார்கள். ஐரோப்பியர் வங்குகளை முதலில் நிறுத்தி அதன்மேல் பலகை அடிப்பவர்கள். இது தலைகீழான முறை. துளையிட வில்லும் நாணும் கொண்ட துரப்பணம். ஆணியின் கழுத்தில் எண்ணெய் தோய்த்த நார் சுற்றி அடித்தால் தண்ணீர் கசியாது. பலகை இடுக்குகளில் எண்ணெயில் ஊறிய பஞ்சைத் திணிப்பார்கள். கடைசியாக நீர்மட்டத்துக்குக் கீழே சுண்ணாம்பையும் விலங்குக் கொழுப்பையும் குழைத்து வெள்ளையாகப் பூசுவார்கள். மரத்தைத் துளைக்கும் கடற்புழுவுக்கு அதுதான் காப்பு. சில மாதங்களுக்கு ஒருமுறை கப்பலை வற்றும் நீரில் சாய்த்து, பழைய பூச்சைச் சுரண்டி, புதிதாகப் பூச வேண்டும்.

காற்றே கால அட்டவணை. இலையுதிர் காலத்தில் பஸ்ராவில் பேரீச்சை ஏற்றுவார்கள். வடகிழக்குக் காற்று பிடித்ததும் அதை இந்தியக் கரைக்கோ கிழக்காபிரிக்காவுக்கோ கொண்டுபோவார்கள். சன்சிபாரிலும் றுபீஜி ஆற்று முகத்துவாரத்திலும் கண்டல் கம்புகளை ஏற்றிக்கொண்டு தென்மேற்குக் காற்றின் தொடக்கத்தில் திரும்புவார்கள். வளைகுடாவின் பழைய வீடுகளுக்கு அந்தக் கம்புகள்தான் கூரை. டுபாயின் அல் ஃபஹீதி பகுதியில் பழைய அறைக்குள் நின்று அண்ணாந்து பார்த்தால் இன்றும் தெரியும்: அறையின் அகலம் எல்லாம் ஏறக்குறைய ஒன்றாகவே இருக்கும், கண்டல் கம்பின் நீளம் அவ்வளவுதான் என்பதால். யூன், யூலை மாதங்களில் கடல் மூடிக்கொள்ளும், கப்பல் கரையில்.

இந்தக் காற்றுகளை எங்கள் கரையில் வாடை என்றும் சோளகம் என்றும் சொன்னோம். வல்வெட்டித்துறையின் பாய்க்கப்பல்கள் சோளகத்தில் பர்மா நோக்கிப் போய், அரிசியோடு வாடையில் திரும்பின. யாழ்ப்பாணத்துப் புகையிலை திருவிதாங்கூருக்கும், கொச்சி ஓடு யாழ்ப்பாணத்துக்கும் போய்வந்தன. காற்று ஒன்று, தொழில் ஒன்று, சொற்களில் பாதியும் ஒன்று. எங்கள் 'மாலுமி' அரபின் 'முஅல்லிம்', அதாவது ஆசான், வழிகாட்டி. 'சுக்கான்' அவர்களுடைய சொல்லே. 'நங்கூரம்' பாரசீகத்தின் 'லங்கர்'. தமிழ்க் கரையின் முஸ்லிம் கப்பல் தலைவர்களை 'நகுதா' என்றார்கள். குவைத்திலும் சூரிலும் கப்பல் தலைவனுக்கு இன்றும் அதுதான் பெயர். வானில் துருவ நட்சத்திரத்தின் உயரத்தை அளக்க அரபியர் வைத்திருந்த, முடிச்சுக் கயிறு கோத்த சிறு பலகையின் பெயர் 'கமால்'. சோழமண்டலக் கரை மாலுமிகள் வைத்திருந்த அதேபோன்ற கருவியின் பெயர் 'இராப்பலகை'.

கப்பலின் வரும்படி எப்படிப் பிரிந்தது என்பது எங்கள் தொழிலுக்குக் கிட்டிய விடயம் என்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறோம். வளைகுடாக் கப்பல்களில் மாதச் சம்பளம் கிடையாது. பயணத்தின் மொத்த வரவிலிருந்து சாப்பாடு முதலிய பொதுச் செலவைக் கழித்து, மீதியை இரண்டாக்குவார்கள். ஒரு பாதி கப்பலுக்கு, அதாவது முதலாளிக்கு. மறுபாதி ஆட்களுக்கு. சாதாரண மாலுமிக்கு ஒரு பங்கு. சுக்கான் பிடிப்பவனுக்கும் ஆட்களின் தலைவனுக்கும் அதற்கு மேல். பாட்டுக்காரனுக்கும் கூடுதல் பங்கு உண்டு, ஏனெனில் பாரமான பருமலை மேலே ஏற்றுவதற்குக் கைகளை ஒன்றுசேர்ப்பது அவன் குரல். பங்கு என்றதும் நீதியாகத்தான் ஒலிக்கிறது. ஆனால் பயணம் தொடங்குமுன் குடும்பச் செலவுக்கு மாலுமி முன்பணம் வாங்குவான். திரும்பி வந்து கணக்குப் பார்க்கும்போது பங்கு முன்பணத்துக்கே சரியாகப் போகும், பல தடவை போதாமலும் போகும். மீதிக் கடன் அடுத்த பயணத்துக்கும் அவனைக் கட்டிவைக்கும். முத்துக்குளிப்புப் படகுகளில் தகப்பன் கடன் மகன் தலையில் விழுந்ததும் உண்டு. வளைகுடாவுக்கு ஏஜென்சிக் காசைக் கடன்பட்டுக் கட்டிவிட்டு வந்து, முதல் இரண்டு வருடச் சம்பளத்தை அந்தக் கடனுக்கே அனுப்பியவர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதாக இராது.

இன்னொன்றையும் மறைக்கக்கூடாது. எண்ணெய் பூசிப் பளபளக்கும் மரத்தைப் பார்க்கும்போது பேரீச்சையும் கண்டலும்தான் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில் சூரின் கப்பல்கள் கிழக்காபிரிக்காவிலிருந்து அடிமைகளையும் ஏற்றின. பிரித்தானியக் கடற்படை சோதனையிட்டபோது, சூர் முதலாளிகள் பலர் பிரெஞ்சுக் கொடியும் பத்திரமும் வாங்கிக்கொண்டு தப்பினார்கள். அது பிரான்சுக்கும் பிரித்தானியாவுக்கும் இடையே வழக்காகி ஹேக் நகரின் நிரந்தர நடுவர் மன்றம் வரை போய், 1905 இல் தீர்ப்பானது. சர்வதேசச் சட்டம் படித்தவர்கள் 'மஸ்கட் தோவ்கள் வழக்கு' என்று அறிந்திருப்பார்கள். ஃபதஹ் அல் கைர் அதற்கு அரை நூற்றாண்டு பிந்தியது. அதன்மேல் அந்தப் பழி இல்லை. ஆனால் ஊரின் கடல் வரலாற்றில் அது இருக்கிறது.

இனி மற்றக் கப்பல்கள். குவைத்திலும் ஒரு ஃபதஹ் அல் கைர் உண்டு. பெயர் ஒன்று என்பதால் இணையத்தில் பலர் இரண்டையும் குழப்பிவிடுகிறார்கள். அது பூம் வகை, 1938 இல் கட்டப்பட்டது, எண்ணெய்க்கு முந்திய காலத்தின் குவைத் பாய்க்கப்பல்களில் எஞ்சியது. சால்மியாவில் உள்ள அறிவியல் மையத்தில் வைத்திருக்கிறார்கள். அதைவிடப் புகழ்பெற்றது 1937 இல் கட்டப்பட்ட அல் முஹல்லப். அது குவைத் தேசிய அருங்காட்சியகத்தின் முன்னால் நின்றது. 1990-91 ஈராக்கிய ஆக்கிரமிப்பின்போது எரித்துவிட்டார்கள். அதே வடிவில் இன்னொன்றைப் பின்னர் கட்டி நிறுத்தினார்கள். ஓர் ஊரின் நினைவை எரிக்க வேண்டுமானால் எதை எரிக்க வேண்டும் என்பது எரிப்பவனுக்குத் தெரியும். 1981 ஐ அறிந்த எங்களுக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

குவைத்தில் ஒரு ஹோட்டலின் பக்கத்தில் நிற்கும் அல் ஹாஷெமி 2, எண்பது மீற்றருக்கும் மேல் நீளமானது. உலகின் மிகப் பெரிய மரத் தோவ் என்று கின்னஸில் ஏறியது. 2020 இல் டுபாயின் 91 மீற்றர் நீளமான ஒபைத் அதை முந்தியது. ஹாஷெமி கடலோடியதே இல்லை, விருந்து மண்டபம்தான். பார்க்கலாம், பெரிதாக இருக்கிறது. அதற்குமேல் சொல்ல எங்களுக்கு ஒன்றும் இல்லை. மஸ்கட்டில் அல் புஸ்தான் ஹோட்டலுக்குப் போகும் வழியில் உள்ள சுற்றுவட்டத்தில் நிற்கும் 'சோஹார்' வேறு ரகம். ரிம் செவெரின் என்ற கடலோடி 1980 இல் இதே சூரில் கட்டுவித்தது. ஓர் ஆணிகூட இல்லை. மலபாரின் அயினிப் பலாப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்தார்கள். தைக்கும் கை ஓமானில் அற்றுப்போயிருந்ததால் இலட்சத்தீவிலிருந்து ஆட்களைக் கூட்டிவந்தார்கள். சிந்துபாத்தின் வழி என்று சொல்லி, கோழிக்கோடு, இலங்கை, சுமத்திரா, சிங்கப்பூர் ஊடாக 1981 யூலையில் கன்ரன் சேர்ந்தது. 2010 இல் ஓமான் அரசு இன்னொரு தைத்த கப்பலை, 'மஸ்கட்டின் மாணிக்கம்' என்று பொருள்படும் பெயரில் கட்டி, கொச்சி, காலி, பினாங்கு வழியே ஓட்டி, சிங்கப்பூருக்கு அன்பளிப்பாகக் கொடுத்தது.

1938 என்ற ஆண்டைச் சற்று முன் சொன்னோம். குவைத்தின் ஃபதஹ் அல் கைர் கட்டப்பட்ட அதே ஆண்டின் இறுதியில், அவுஸ்திரேலியரான ஆலன் வில்லியர்ஸ் ஏடன் துறைமுகத்தில் 'பயான்' என்ற குவைத் பூமில் ஏறி, சன்சிபாருக்கும் அங்கிருந்து குவைத்துக்கும் பயணம் செய்தார். 1940 இல் வந்த அவருடைய நூல் இல்லாவிட்டால் அந்தப் பங்குக் கணக்கும் பாட்டும் கடனும் உலகுக்குத் தெரிந்திராது. அதே 1938 இன் ஓகஸ்ட் மாதம், வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. அமெரிக்கரான வில்லியம் அல்பேர்ட் றொபின்சன் அதை விலைக்கு வாங்கி, 'புளோரன்ஸ் சி. றொபின்சன்' என்று பெயரையும் மாற்றியிருந்தார். ஓட்டிப் போனவர்கள் வல்வெட்டித்துறைத் தண்டையலும் மாலுமிகளும். கொழும்பிலிருந்து புறப்பட்டு, ஏடனையும் சுயஸ் கால்வாயையும் கடந்து, மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக்கையும் தாண்டிப் போனார்கள். வில்லியர்ஸ் பூம் தேடி நின்ற ஏடனில் எங்கள் ஊர்க் கப்பலும் நங்கூரம் போட்டிருந்தது.

அன்னபூரணியின் பெயர் எங்களிடம் இருக்கிறது. படங்களும் மாதிரி உருக்களும் இருக்கின்றன. ஆனால் வடமராட்சிக் கரையில் கட்டி, கடலோடி, மூப்படைந்த ஒரு பாய்க்கப்பல்கூட, ஃபதஹ் அல் கைர் போல முழு உடலோடு இன்று எங்கும் நிற்கவில்லை. இதற்குப் போரை மட்டும் குற்றம் சொல்வது வசதியானது. முழு உண்மை அல்ல. பர்மா வணிகம் 1942 இல் யப்பானியர் வந்ததோடு முறிந்தது. எஞ்சியதை நீராவிக் கப்பலும் லொறியும் தின்றன. கப்பல்கள் ஒவ்வொன்றாக விறகுக்கும் பலகைக்கும் உடைபட்டபோது கரையில் துவக்குச் சத்தம் கேட்கவில்லை. அப்போது வாங்கி வைக்கப் பணமுள்ளோர் ஊரில் இருந்தார்கள். வைக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவில்லை, ஏனெனில் அது பழைய சாமான். 1980களில் கடல்வலயத் தடை வந்தபோது மிஞ்சியிருந்தவை வள்ளங்கள்தான். அவற்றில் பாதி ஆட்களை இராமேஸ்வரத்துக்கு ஏற்றிக்கொண்டிருந்தன.

தூத்துக்குடியில் நிலைமை சற்று வேறு. அங்கே பெரிய மரத்தோணிகள் நெடுநாள் பாயில் ஓடின; பின்னர் இயந்திரம் பூட்டிக் கொழும்புக்கும் மாலைதீவுக்கும் சரக்கேற்றின. கேரளத்தின் பேப்பூரில் இன்னும் 'உரு' கட்டுகிறார்கள். கட்டியதை வளைகுடாக்காரர் வாங்குகிறார்கள். ஆகவே கையும் மரமும் இன்னும் முழுதாக அற்றுப்போகவில்லை.

வாங்கி நிறுத்துவதோடு செலவு முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். மரக்கப்பல் தண்ணீரில் ஊறி நிற்பதற்காகக் கட்டப்பட்டது. தரையில் ஏற்றினால் பலகை காய்ந்து சுருங்கி, இடுக்குகள் வாய் பிளக்கும். சூரின் கோடை வெயில் தேக்கையும் விடாது. தொடர்ந்து எண்ணெய் ஊட்ட வேண்டும், பிளந்த இடுக்கை அடைக்க வேண்டும், ஆணித்துரு பார்க்க வேண்டும். தண்ணீரிலேயே விட்டால் புழு. இரண்டிலும் ஆள் வேண்டும், வருடாந்தப் பணம் வேண்டும். நினைவுச்சின்னம் எழுப்ப ஒருநாள் பணம் திரட்டுவது எங்களுக்கு நன்றாகக் கைவந்த கலை. பத்தாவது வருடத்து எண்ணெய்க் காசு எந்த வரவுசெலவுத் திட்டத்தில் வரும் என்று எங்கள் ஊர்ச் சங்கக் கூட்டங்களில் கேட்டுப் பாருங்கள். நாங்களும் கேட்டிருக்கிறோம், கேட்டவரையே பொருளாளர் ஆக்கிவிடுவார்கள்.

எங்களில் பலர் ஐரோப்பாவுக்கும் கனடாவுக்கும் போகுமுன் வளைகுடாவில்தான் முதலில் உழைத்தோம். அந்த வருடங்களில் டுபாய் கிறீக் கரையில் நின்ற தோவ்களை அன்றாடம் பார்த்தோம். குளிர்சாதனப் பெட்டியும் டயரும் மூட்டையுமாக ஈரானுக்கும் சோமாலியாவுக்கும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள், இன்றும் ஏற்றுகிறார்கள். அதை ஒரு வேடிக்கையாகவே கடந்துபோனோம். இப்போது விடுமுறையில் அந்தப் பக்கம் போகிறவர்கள் சூருக்கும் ஒருநாள் ஒதுக்கலாம். பகல் வெயிலைத் தவிர்த்து மாலையில் போவது நல்லது. களப்பின் கரையிலேயே கப்பல் கட்டும் பட்டறையும் இருக்கிறது. வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் இந்தியத் தச்சர்கள். எதிர்க்கரையில் அல் அய்ஜா என்ற வெள்ளைக் குடியிருப்பும் வெளிச்சவீடும். ஆமைகள் முட்டையிடும் றாஸ் அல் ஜின்ஸ் கிட்டத்தான்.

நாங்கள் போனபோது வல்வெட்டித்துறைப் பெரியவர் ஒருவர் கூட வந்திருந்தார். எழுபது தாண்டியவர். செதுக்கு வேலை, சன்னல் ஒன்றையும் அவர் பார்க்கவில்லை. நேரே கப்பலின் வயிற்றடிக்குப் போய், இரண்டு பலகைகளின் இடுக்கை விரலால் தடவிக்கொண்டு நடந்தார். "நல்லாக் கலப்பத்துப் பண்ணியிருக்கினம்" என்றார். பட்டறையிலிருந்து எங்களோடு நடந்து வந்த தச்சர் மலையாளி. ஓமானில் இருபது வருடம். அவருக்கு வாக்கியம் புரியவில்லை, அந்த ஒரு சொல் புரிந்தது. "கல்ஃபாத், கல்ஃபாத்" என்று தலையாட்டினார். இடுக்கில் பஞ்சு திணிக்கும் வேலைக்கு அரபியிலும் அதுதான் சொல். பிறகு இருவரும் எங்களை விட்டுவிட்டுக் கப்பலின் மறுபக்கம் போனார்கள். பொழுது பட்டுக் காவலாளி வந்து கூப்பிடும்வரை திரும்பவில்லை.